யாகர் 52 வயதில் எதற்காக ஆடுகிறார்?

கேள்வி | 19 பிப்ரவரி 2024

நேற்று பிட்ஸ்பர்க்கில் ஐஸ் ஹாக்கி ஆட்டக்காரர் யாரோமிர் யாகரின் 68ஆம் எண் சட்டையைக் கூரையில் ஏற்றிவிட்டார்கள், அந்த எண் இனி அங்கே வேறு யாருக்கும் கிடையாது. பென்குயின்ஸ் அணியில் இந்த மரியாதை பெறும் மூன்றாவது ஆள். முதலில் மிஷெல் பிரியேரின் 21, அப்புறம் மாரியோ லெமியூவின் 66, இப்போது இவர். ஓர் ஆட்டக்காரனுக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்? ஆனால் மனிதர் செக் நாட்டுக்குத் திரும்பிப் போய், 52 வயதில் மறுபடி ஸ்டிக்கைத் தூக்கப் போகிறார். என்னைக் கேட்டால் இது எண்ணிக்கைப் பைத்தியம். நல்ல ஃபார்வர்டுதான் (கோல் போட முன்னால் ஆடும் ஆள்), இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அந்தச் சாதனைகளில் பாதி, இடத்தை விடாமல் ஒட்டிக்கொண்டிருந்ததால் வந்தவை. மறுக்கிறவர்கள் மறுக்கலாம்.

19 பிப்ரவரி 2024, இரவு

மறுக்கிறேன்.

எண்ணிக்கை மேல் ஆசை உள்ளவன் 36 வயதில் வட அமெரிக்காவின் என்ஹெச்எல் லீக்கை விட்டுவிட்டு சைபீரியாவுக்குப் போவானா? 2007–08 சீசனில் நியூயார்க் ரேஞ்சர்ஸுக்கு 71 பாயின்ட் எடுத்துக் கொடுத்தவர் (கோல் போட்டால் ஒன்று, கோலுக்கு வழி செய்த அசிஸ்டுக்கு ஒன்று, இதுதான் பாயின்ட் கணக்கு). வட அமெரிக்காவில் அவரை எடுக்க ஆள் இல்லாமல் போயிருக்காது. அவரோ ஓம்ஸ்க் ஊரின் அவங்கார்ட் அணிக்குப் போனார். மூன்று முழு சீசன். அங்கே போட்ட கோல் ஒன்றுகூட என்ஹெச்எல் ஏட்டில் ஏறாது.

ஏட்டில் இருப்பது: 1,733 ஆட்டம், 766 கோல், 1,155 அசிஸ்ட், ஆக மொத்தம் 1,921 பாயின்ட். அவருக்கு மேலே கிரெட்ஸ்கி ஒருவர்தான், 2,857. அதிலும் கிரெட்ஸ்கியின் அசிஸ்ட் மட்டுமே 1,963. அந்த மனிதர் வாழ்நாளில் ஒரு கோல்கூடப் போடாமல் இருந்திருந்தாலும் யாகருக்கு இரண்டாமிடம்தான். எண்ணிக்கைக்காக ஆடுகிறவன் இந்தப் பட்டியலைப் பார்த்த அன்றே வீட்டுக்குப் போயிருப்பான்.

20 பிப்ரவரி 2024

தூக்கம் வராமல் ஒரு கணக்குப் போட்டேன். யாகர் தவறவிட்டதெல்லாம் என்னென்ன?

1994–95இல் அணி முதலாளிகள் ஒப்பந்தத் தகராறில் கதவைச் சாத்தியதால் சீசன் 48 ஆட்டத்தோடு முடிந்தது. 2004–05 சீசன் நடக்கவே இல்லை. 2012–13இல் மறுபடி 48 ஆட்டம். நடுவில் ஓம்ஸ்க் மூன்று ஆண்டு. ஓம்ஸ்க் போவதற்கு முந்தைய சீசனில் 71, திரும்பி வந்த சீசனில் ஃபிலடெல்ஃபியாவுக்கு 54. நடுவாக ஆண்டுக்கு 60 என்று வைத்தாலும் 180 ஆகிறது. நடக்காத சீசனுக்கு முன்னால் 74, பின்னால் 123. அதற்கு ஒரு 90 போடலாம். அரைகுறை சீசன்கள் இரண்டுக்கும் சேர்த்து 75. கூட்டினால் 2,250ஐத் தாண்டுகிறது. கோல் 900ஐத் தொட்டுவிடும். கிரெட்ஸ்கியின் 894 கோல் இருக்கிறதே, அந்தக் கோட்டை யாகர் ஏழெட்டு வருஷம் முன்பே தாண்டியிருக்கலாம்.

இது ஆசைக் கணக்கு, எனக்கும் தெரியும். ஆனால் "ஒட்டிக்கொண்டு சேர்த்தார்" என்கிறவர்கள், விட்டுக் கொடுத்ததையும் ஒரு பக்கம் எழுதி வைக்கட்டும்.

20 பிப்ரவரி 2024, மாலை

சர்வதேச ஆட்டங்களைச் சேர்த்தால் என்ன ஆகும் என்று ஒருவர் கேட்கிறார். சேர்க்க வேண்டாம். சேர்த்தால் சண்டை இன்னும் பெரிதாகும்.

22 பிப்ரவரி 2024

"லெமியூவின் நிழலில் வளர்ந்தவர்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இந்த வாக்கியத்தைக் கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டது. தேதியைப் பாருங்கள்.

அந்த சீசனில் அதிக பாயின்ட் எடுத்தவருக்குத் தரும் ஆர்ட் ராஸ் கோப்பையை யாகர் ஐந்து முறை வாங்கினார்: 1995, 1998, 1999, 2000, 2001. 1994–95 சீசன் முழுக்க லெமியூ ஆடவில்லை, ஓய்வில் இருந்தார். 1997இல் லெமியூ விலகிவிட்டார். திரும்பி வந்தது 2000 டிசம்பர் கடைசியில். அதாவது ஐந்தில் நான்கு, லெமியூ பனியில் இறங்காத சீசன்களில் வாங்கியவை. ஐந்தாவதில் பாதி சீசன் லெமியூ இருந்தார், அவ்வளவுதான்.

இன்னொன்று. 1981 முதல் 2001 வரை, இருபத்தோரு சீசன், ஆர்ட் ராஸ் கோப்பை மூன்று பேர் கையைத் தாண்டி வெளியே போகவே இல்லை. கிரெட்ஸ்கி, லெமியூ, யாகர். முதல் இருவரை ஆட்டத்தின் கடவுள்கள் என்கிறோம். மூன்றாமவரை மட்டும் "வயதாகியும் ஆடியவர்" என்று நினைவில் வைத்திருக்கிறோம். நீண்ட ஆயுள் அவருக்குச் செய்த கெடுதல் இதுதான். இளைஞர்கள் பார்த்தது நரைத்த தாடி யாகரை மட்டும்.

1995–96இல் 62 கோல், 87 அசிஸ்ட், 149 பாயின்ட். வலது விங்கில் (வலது ஓரத்தில்) ஆடியவர் எவரும் ஒரு சீசனில் இந்த 149ஐத் தொட்டதில்லை. அந்த ஆண்டு லெமியூவும் இருந்தார், சரி. 161 எடுத்து அந்தக் கோப்பையையும் அவர்தான் கொண்டுபோனார். ஆனால் இருவரும் பெரும்பாலும் வேறு வேறு லைனில் (சேர்ந்து இறங்கும் மூன்று ஃபார்வர்டுகள்) ஆடினார்கள். யாகரோடு ரான் ஃபிரான்சிஸும் பீட்டர் நெட்வெடும். தண்டனையால் எதிரணிக்கு ஆள் குறையும் பவர் ப்ளேயில்தான் லெமியூவும் இவரும் ஒன்றாக இறங்குவது.

25 பிப்ரவரி 2024

இப்போது உண்மையில் நான் எழுத வந்த விஷயம். ஒரு ஃபார்வர்டு 45 வயது வரை அந்த லீக்கில் எப்படி நிற்க முடிந்தது?

நானும் ஆடுகிறேன். சிரிக்காதீர்கள். பெரியவர்களுக்கான லீக், ராத்திரி பத்தரைக்குத்தான் ரிங்க் கிடைக்கும், ஆட்டம் முடிந்து குளித்துவிட்டு வந்தால் நள்ளிரவு தாண்டிவிடும். எனக்கும் வலது விங், இடது கை ஸ்டிக். யாகருக்கும் அதே அமைப்பு, ஒற்றுமை அத்தோடு முடிந்தது. எங்கள் லீக்கில் அறுபதை நெருங்கும் ஒருவர் எதிரணியில் வருவார். ஸ்கேட்டிங்கில் என் பாதி வேகம்கூட இருக்காது. ஆனால் சுவரோரம் பக் (பந்துக்குப் பதிலான ரப்பர் வட்டு) அவரிடம் போனால் போனதுதான். முதுகை என் பக்கம் திருப்புவார். கால் இரண்டையும் அகட்டி, முட்டியை மடக்கி, இடுப்பைப் பின்னால் தள்ளுவார். நான் இடது பக்கம் போனால் இடுப்பு இடது பக்கம் வரும். வலது பக்கம் போனால் வலது பக்கம் வரும். பக் எங்கே இருக்கிறது என்றே எனக்குத் தெரியாது, அவர் பின்புறம்தான் தெரியும். இப்படியே பத்து விநாடி. மூச்சு வாங்குவது எனக்கு, அவருக்கு இல்லை. அப்புறம் நிதானமாக நடுவில் வரும் ஆளுக்குத் தட்டிவிடுவார்.

ஃப்ளோரிடா பேந்தர்ஸுக்கு யாகர் ஆடிய காலத்தில் ஒருமுறை நேரில் பார்த்தேன். மூலையில், கண்ணாடியை ஒட்டிய இருக்கை. அங்கே நடந்ததும் இதே காட்சிதான், ஆனால் பின்னால் நின்றவர் என்னைப் போன்றவர் இல்லை, இருபது சொச்சம் வயதுத் தொழில்முறை டிஃபென்ஸ்மேன். இரண்டு கையாலும் யாகரின் இடுப்பில் தள்ளுகிறார், ஸ்டிக்கால் முழங்கையில் தட்டுகிறார். யாகர் கண்ணுக்குத் தெரியாத நாற்காலியில் உட்கார்ந்தவர் மாதிரி அசையாமல் இருக்கிறார். ஸ்டிக்கை ஒரே கையில் நீட்டிப் பிடித்து, மற்றக் கையின் முன்னங்கையால் பையனை எட்டி நிறுத்தியிருந்தார். டிவியில் பார்க்கும்போது அந்த முன்னங்கை தெரியவே தெரியாது. நேரில் பார்த்தால் அதுதான் எல்லா வேலையும் செய்கிறது. பையன் சரியாக எடையை முன்னால் சாய்த்த கணத்தில் யாகர் எதிர்ப்பக்கம் உருண்டு வெளியே வந்துவிட்டார். வேகமாக வரவில்லை. வேகம் தேவைப்படவில்லை, பையன் சுவரில் இருந்தான்.

ஆறடி மூன்று அங்குலம், நூறு கிலோவுக்கு மேல். கீழ்ப்பாதி முழுக்கத் தொடையும் இடுப்பும். இடது கைக்காரர் வலது பக்கம் நிற்பதால் சுவரிலிருந்து உள்ளே திரும்பும்போதே ஸ்டிக்கின் முகம் கோல் பக்கம் இருக்கும். ஷாட்டோ பாஸோ உடனே போகும்.

வேகத்தை நம்பி ஆடுகிற ஃபார்வர்டுக்கு 32இல் முதல் எச்சரிக்கை வரும், 35இல் கடிதமே வந்துவிடும். யாகர் இருபது வயதிலேயே இடுப்பை நம்பி ஆடியவர். வேகமும் இருந்தது, மறுக்கவில்லை. 1992 இறுதிச் சுற்றின் முதல் ஆட்டத்தில் சிகாகோவுக்கு எதிராக ஒரு கோல் போட்டாரே, வரிசையாக ஆட்களைக் கடந்து உள்ளே போய்! 4–1 என்று பின்தங்கியிருந்த பென்குயின்ஸை 4–4க்குக் கொண்டுவந்தது அந்த கோல். அப்புறம் ஆட்டம் முடிய 13 விநாடி இருக்கும்போது லெமியூ வெற்றி கோலைப் போட்டார். அந்த ஓட்டத்தை மெதுவாக ஓடவிட்டுப் பாருங்கள். கால் வேலை பாதிதான். ஒவ்வொரு ஆளுக்கும் பக்குக்கும் நடுவில் தன் உடம்பைக் கொண்டுபோய் வைக்கிறார். வயதானபோது வேகம் கழன்று விழுந்தது, மீதி அப்படியே நின்றது.

26 பிப்ரவரி 2024

மேலே எழுதியதில் ஒன்றைச் சேர்க்க வேண்டும். அவர் விங்கர் என்பதும் ஆயுளைக் கூட்டியது. நடுவில் நிற்கும் சென்டர், ஆட்டம் தொடங்க பக்கைப் போடும் ஃபேஸ்-ஆஃபுக்கும் குனிய வேண்டும், தன் கோல் வாசல்வரை இறங்கி டிஃபென்ஸ்காரர்களுக்கும் உதவ வேண்டும். விங்கர் கொஞ்சம் மேலேயே நின்று எதிரணியின் டிஃபென்ஸ்மேனைப் பார்த்துக்கொண்டால் போதும். ஒரு ஷிஃப்ட் (பெஞ்சிலிருந்து இறங்கித் திரும்பும் நேரம்) முக்கால் நிமிடம் என்றாலும், 82 ஆட்டத்தில் அந்த வித்தியாசம் கிலோமீட்டர் கிலோமீட்டராகச் சேரும். மெஸ்ஸியர் சென்டராகவே 43 வயது வரை ஆடினாரே என்று யாராவது கேட்பீர்கள். ஆடினார். அவர் வேறு பிறவி.

27 பிப்ரவரி 2024

பயிற்சி பற்றிக் கேட்டவருக்கு: ஆம், உண்மை. ஆட்டம் முடிந்த ராத்திரியே எடை வைத்த ஜாக்கெட்டும் கணுக்கால் எடையும் கட்டிக்கொண்டு மறுபடி ரிங்குக்குப் போவார். எந்த ஊருக்குப் போனாலும் இந்தக் கதை கூடவே போனது. பையன்கள் சிலர் கூடப் போய்ப் பார்த்து, கொஞ்ச நாளில் நின்றுவிட்டார்கள்.

நான் முயற்சி செய்தேனா? கணுக்கால் எடை வாங்கினேன். இப்போது அது கதவு சாத்திக்கொள்ளாமல் இருக்க உதவுகிறது.

2 மார்ச் 2024

யாரும் வாஷிங்டன் பற்றிப் பேச மாட்டேன் என்கிறீர்கள். யாகர் ரசிகர்களுக்கு அது வலிக்கும் இடம்.

2001இல் பிட்ஸ்பர்க்கிடம் பணம் இல்லை. வாஷிங்டன் கேபிடல்ஸ் அவரை வாங்கி, ஏழு ஆண்டுக்கு 77 மில்லியன் டாலர் ஒப்பந்தம் கொடுத்தார்கள். முதல் ஆண்டு ப்ளே-ஆஃபுக்கே போகவில்லை. இரண்டாம் ஆண்டு முதல் சுற்றில் டாம்பா பேயிடம் தோற்றார்கள். மூன்றாம் ஆண்டு நடுவில், 2004 ஜனவரியில், ஆன்சன் கார்ட்டரை வாங்கிக்கொண்டு இவரை ரேஞ்சர்ஸிடம் தள்ளிவிட்டார்கள். அதுவும் சம்பளத்தில் ஒரு பங்கைத் தாங்களே கட்டுவதாக ஒப்புக்கொண்டு! அந்த இரண்டரை ஆண்டில் அவர் முகத்தைப் பார்த்தால் வேலைக்கு வந்தவர் முகம் மாதிரி இருக்கும். இதற்குச் சமாதானம் சொல்ல எனக்கு விருப்பமில்லை.

ஆனால் அடுத்து என்ன நடந்தது பாருங்கள். யாகர், போண்ட்ரா, கோன்சார் என்று வரிசையாக விற்றுவிட்டு கேபிடல்ஸ் அடித்தளத்துக்கு விழுந்தார்கள். விழுந்ததால், அணிகள் இளம் ஆட்டக்காரர்களை வரிசையாக எடுக்கும் ஆண்டுத் தேர்வில், குலுக்கல் மூலம் முதல் இடம் கிடைத்தது. 2004இல் அந்த முதல் தேர்வில் எடுத்த பையன் பெயர் ஓவெச்கின். 2022 மார்ச்சில் கோல் பட்டியலில் யாகரைத் தாண்டி மூன்றாமிடத்துக்குப் போனதும் அதே பையன்தான். தோற்றுப்போன ஒப்பந்தம் தன்னை முந்தப் போகிறவனுக்கு இடம் பிடித்துக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறது.

ரேஞ்சர்ஸில் 2005–06இல் 54 கோல், 123 பாயின்ட். இரண்டும் அந்த அணியின் சாதனை. அந்த ஆண்டு பாயின்ட் கோப்பையை ஜோ தார்ன்டனிடம் இரண்டு பாயின்டில் இழந்தார், கோல் கோப்பையை ஜோனதன் சீச்சூவிடம் இரண்டு கோலில் இழந்தார்.

3 மார்ச் 2024

பிட்ஸ்பர்க்கிடம் பணம் இல்லை என்று போகிற போக்கில் எழுதிவிட்டேன். அதை விரிக்கச் சொல்கிறார்கள்.

1998இல் பென்குயின்ஸ் திவாலானது. அணியை வேறு ஊருக்கு மாற்றிவிடுவார்கள் என்ற பேச்சு. 1999 ப்ளே-ஆஃப் முதல் சுற்றில் நியூ ஜெர்சியோடு மோதல், தொடர் 3–2 என்று நியூ ஜெர்சி பக்கம். யாகருக்குத் தொடை இடுக்கில் காயம், சில ஆட்டங்களில் இறங்கவே இல்லை. ஆறாவது ஆட்டத்தில் இறங்கினார். நொண்டாத குறை. ஆட்டம் முடிய இரண்டு நிமிடம் சொச்சம் இருக்கும்போது சமன் செய்யும் கோலைப் போட்டார், ஓவர்டைமில் வெற்றி கோலையும் போட்டார். ஏழாவது ஆட்டத்தையும் வென்றார்கள். அடுத்த சுற்று என்றால் சொந்த மைதானத்தில் இன்னும் சில ஆட்டம், அதன் டிக்கெட் பணம். அந்தப் பணம் இல்லாமல் அன்றைக்கு அணி என்ன ஆகியிருக்கும் என்று சொல்வது கடினம். தன் சம்பளப் பாக்கியையே பங்காக மாற்றி லெமியூ அணியை வாங்கியது அதே ஆண்டு செப்டம்பரில்.

இரண்டு ஆண்டு கழித்து அதே பணப் பஞ்சம்தான் யாகரை வெளியே அனுப்பியது.

15 மார்ச் 2024

நேற்று பிட்ஸ்பர்க்கில் ரசிகர்களுக்குத் தலையாட்டி யாகர் பொம்மை தருவதாக இருந்தது. கலிஃபோர்னியாவில் வைத்து மொத்தச் சரக்கையும் எவனோ களவாடிவிட்டான்! ஆயிரக்கணக்கான யாகர்கள். விற்கவும் முடியாது, வீட்டில் வைக்கவும் முடியாது. ஓம்ஸ்கில் தேடிப் பாருங்கள் என்று ஒருவர் எழுதியிருக்கிறார், இந்த இழையிலேயே நல்ல வரி அதுதான்.

16 மார்ச் 2024

பொம்மைக்கு வரிசையில் நிற்கும் இதே பிட்ஸ்பர்க், 2011இல் அவரைப் பார்த்து ஊளையிட்டது. மறந்துவிட்டோமா? ஓம்ஸ்கிலிருந்து திரும்புகிறார், பென்குயின்ஸில்தான் சேருவார் என்று ஊரே விமானம் எப்போது வரும் என்று பார்த்துக்கொண்டிருந்தது. மனிதர் பரம எதிரியான ஃபிலடெல்ஃபியாவில் கையெழுத்துப் போட்டார். டிசம்பரில் அந்தச் சட்டையோடு பிட்ஸ்பர்க் வந்த முதல் ஆட்டத்தில் பக்கைத் தொட்டபோதெல்லாம் கூச்சல். அந்த ஆட்டத்திலேயே ஒரு கோல் போட்டுவிட்டுப் பழைய பாணியில் சல்யூட் வேறு அடித்தார்.

ஃபிலடெல்ஃபியா, டாலஸ், பாஸ்டன், நியூ ஜெர்சி, ஃப்ளோரிடா, கால்கரி. முதல் மூன்றான பிட்ஸ்பர்க், வாஷிங்டன், ரேஞ்சர்ஸையும் சேர்த்தால் ஒன்பது அணி. கால்கரியில் நண்பர்கள் கூட்டம் ஒன்று, ஆளுக்கொரு அணியின் யாகர் சட்டையும் பின்னால் தொங்கும் முடி விக்கும் மாட்டிக்கொண்டு மைதானம் மைதானமாகப் போனார்கள். அவர் புது அணிக்கு மாறினால் கூட்டத்துக்குப் புது ஆள் தேவை.

31 மார்ச் 2024

68 ஏன் என்று கேட்டவருக்கு. 1968 ஆகஸ்டில் சோவியத் படை பிராகுக்குள் வந்தது. கம்யூனிஸ்ட் ஆட்சியில் நிலத்தை விட்டுக்கொடுக்க மறுத்துச் சிறைக்குப் போன அவருடைய தாத்தா இறந்ததும் அதே ஆண்டில். பேரனுக்கும் அதே பெயர், யாரோமிர். அந்தப் பேரன் பின்னால் ரஷ்யாவில் மூன்று ஆண்டு ஆடினாரே, முரண் இல்லையா என்றால், ஆட்சி வேறு, ரசிகன் வேறு என்று அவர் பிரித்துப் பார்த்திருக்கலாம். என்னால் அவ்வளவு எளிதாகப் பிரிக்க முடியாது.

1990 தேர்வில் அவர் ஐந்தாவது. முன்னால் போன நால்வர் நோலன், நெட்வெட், ப்ரிமோ, ரிச்சி. அதற்கு முந்தைய செக்கோஸ்லோவாக்கிய ஆட்டக்காரர்கள் பலர் நாட்டை விட்டு ஓடித்தான் அங்கே ஆட முடிந்தது. இவர் தேர்வு நடந்த வான்கூவருக்கே நேராக வந்து உட்கார்ந்தார். அவருடைய சொந்த ஊரான கிளாட்னோ எஃகு ஆலை ஊர், போய்ச் சேர்ந்த பிட்ஸ்பர்க்கும் எஃகு ஆலை ஊர். ஆனால் 18 வயதுப் பையனுக்கு மொழி தெரியாது, வீட்டு நினைவு. அதற்காகவே அணி டிசம்பரில் கால்கரியிலிருந்து செக் ஆட்டக்காரர் ஈர்ஷி ஹர்டினாவை வாங்கி வந்தது, பேச ஓர் ஆள் வேண்டுமே. 1991லும் 1992லும் என்ஹெச்எல் சாம்பியனுக்குத் தரும் ஸ்டான்லி கோப்பை. இருபது வயதில் இரண்டு கோப்பை! அதற்குப் பின் இருபத்தைந்து ஆண்டு ஆடியும் மூன்றாவது வரவில்லை. 2013இல் பாஸ்டனுக்காக ஆடி இறுதிச் சுற்றுவரை போனார். அந்த ப்ளே-ஆஃபில் 22 ஆட்டம், 10 அசிஸ்ட், கோல் பூஜ்யம்.

14 ஏப்ரல் 2024

பொம்மைகள் கிடைத்துவிட்டன.

பிப்ரவரியில் போட்ட கணக்கை மறுபடி பார்த்தேன். ஓம்ஸ்க் மூன்று ஆண்டை நஷ்டம் என்று எழுதினேன். இப்போது அவ்வளவு உறுதியாகச் சொல்ல மாட்டேன். ஓம்ஸ்க் ஆடும் ரஷ்ய லீக்கான கேஹெச்எல்லில் அப்போது முதல் இரண்டு சீசனில் 56 ஆட்டம், மூன்றாவதில் 54, என்ஹெச்எல்லில் 82. மூன்று ஆண்டில் எண்பது ஆட்டம் குறைவு, கிட்டத்தட்ட ஒரு முழு சீசன் ஓய்வு. ரிங்கும் அகலம், இடித்து நசுக்குவது குறைவு. 36லிருந்து 39 வரை உடம்பு தேய்வது இப்படி மெதுவானதால்தான் 2015–16இல் ஃப்ளோரிடாவில் 27 கோல், 66 பாயின்ட் வந்ததோ என்னவோ. சீசன் நடுவில் 44 முடிந்தது. அணியில் அதிக பாயின்ட் அவருக்குத்தான். பக்கத்தில் ஆடிய பார்கோவுக்கும் ஹியூபர்டோவுக்கும் அப்போது இருபது, இருபத்திரண்டு. அதற்கு முந்தைய ஆண்டு நியூ ஜெர்சியில் ஹாட்ரிக், 42 வயதில், லீக் வரலாற்றிலேயே மூத்த ஹாட்ரிக். ஓம்ஸ்க் போகாமல் இருந்திருந்தால் இதெல்லாம் கிடைத்திருக்குமா?

ஓம்ஸ்க் என்றால் எனக்கு வேறொன்றும் நினைவு வரும். 2008 அக்டோபர் 13, செகோவ் நகரில் ஆட்டம். 19 வயது அலெக்சேய் செரெபனோவ், ரேஞ்சர்ஸ் முதல் சுற்றில் எடுத்து வைத்திருந்த பையன், ஷிஃப்ட் முடிந்து பெஞ்சில் யாகர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தவன் அப்படியே சரிந்தான். பிழைக்கவில்லை. அதற்குப் பிறகும் அந்த அணியில் இரண்டரை ஆண்டு தொடர்ந்தார்.

21 செப்டம்பர் 2024

ஆறு மாதம் கழித்து இங்கே வந்தால் முதல் கேள்வி இன்னும் அப்படியே கிடக்கிறது. கிளாட்னோவில் புது சீசன் தொடங்கிவிட்டது, அவருக்கு முப்பத்தேழாவது தொழில்முறை சீசன். 1988இல் 16 வயதில் அதே ஊரில் தொடங்கினார்.

எதற்காக ஆடுகிறார்? அந்த அணி அவருடையது. அவர் அப்பா நடத்திய கிளப், அப்புறம் இவர் கைக்கு வந்தது. 2018இல் கால்கரியிலிருந்து கிளாட்னோ வந்தபோது அணி இரண்டாம் பிரிவில் கிடந்தது. 2019இல் மேலே ஏறினார்கள், அந்த ஏற்றத்துக்கான ஆட்டங்களில் ஒன்றில் 47 வயதில் நான்கு கோல் போட்டார். அடுத்த ஆண்டு கீழே விழுந்தார்கள், அதற்கடுத்த ஆண்டு மறுபடி மேலே. சிறிய ஊர். எதிரணி மைதானமாக இருந்தாலும் பெயர்ப் பட்டியலில் 68 இருந்தால் டிக்கெட் விற்கும், விளம்பரக்காரன் வருவான். முதலாளி தன் கடையில் தானே நிற்கிறார், வேறு வழியில்லாமல். பாதி காரணம் இதுதான் என்று நினைக்கிறேன். மீதிப் பாதி, அவருக்கு வேறு எதுவும் செய்யத் தெரியாது, செய்யவும் பிடிக்காது.

இதற்கு ஒரு விலை இருக்கிறது. ஹாக்கி ஹால் ஆஃப் ஃபேமில் நுழைய, கடைசித் தொழில்முறை ஆட்டத்துக்குப் பிறகு மூன்று சீசன் கழிய வேண்டும். ஒவ்வொரு முறை கிளாட்னோவுக்காக இறங்கும்போதும் அந்த மூன்று ஆண்டு மறுபடி முதலிலிருந்து தொடங்குகிறது.

எண்ணிக்கைப் பைத்தியம் என்ற கட்சிக்கு ஒரு புள்ளி விட்டுக்கொடுக்கிறேன். கால்கரியில் 22 ஆட்டம், ஒரு கோல், ஆறு அசிஸ்ட், காயத்தோடு முடிந்தது. கார்டி ஹோவின் 1,767 ஆட்டச் சாதனைக்கு இன்னும் 34 ஆட்டம் பாக்கி. அங்கே நிற்க விட்டிருந்தால் நின்றிருப்பார், சந்தேகமே இல்லை. பின்னால் 2021இல் பேட்ரிக் மார்லோ அதைத் தாண்டிப் போனார்.

15 நவம்பர் 2024

எட்மன்டன் ஆயிலர்ஸின் கானர் மெக்டேவிட் நேற்று ஆயிரம் பாயின்ட் எடுத்துவிட்டார், 659 ஆட்டத்தில். "உங்கள் யாகரின் 1,921 இனி எத்தனை நாள்" என்று மூன்று பேர் எனக்கு எழுதிவிட்டார்கள். சரி, போட்டுப் பார்ப்போம். யாகரைத் தொட இன்னும் 921 வேண்டும். வயது 27. ஆண்டுக்கு 110 என்றால் எட்டு சீசனுக்கு மேல், 36ஐ நெருங்கிவிடும். போன இரண்டு சீசனில் 153, 132 என்று எடுத்தவருக்கு 110 பெரிய விஷயமாகத் தெரியாது. ஆனால் அவர் சென்டர், அவர் ஆட்டம் கால் வேகத்தில் நிற்கிறது. 32க்கு மேல் அந்த 110 வருமா என்பதில்தான் எனக்குச் சந்தேகம். சுவரோரம் முதுகைக் காட்டி நிற்கும் பழக்கத்தை இப்போதே தொடங்கினால் வரலாம். அதில் பிட்ஸ்பர்க்கின் சிட்னி கிராஸ்பி ஏற்கெனவே தேர்ந்தவர், கோல் கோட்டுக்குப் பின்னால் அவரிடமிருந்து பக்கைப் பிடுங்க இன்னும் யாராலும் முடியவில்லை. ஆனால் அவருக்கு வயது 37.

பந்தயம் கட்டுகிறவர்கள் கட்டலாம். நான் 1,921 பக்கம். எட்டு ஆண்டு கழித்துப் பணத்தை வாங்கிக்கொள்கிறேன்.